மொசைக் தரையில் ஓடியவர்கள்

போன மாதம் முழங்கால் வலி என்று எங்கள் பழைய கிளினிக்குக்கே போயிருந்தேன். வேலை பார்த்த இடத்துக்கு நோயாளியாகப் போவது என்ன லட்சணமோ, டோக்கன் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே கண்ணாடி அறைக்குள் ஓடுகிற பெல்ட் மெஷின், அதற்குப் பின்னால் ஒரு கேமரா. ஒரு கல்லூரி மாணவர் அதன்மேல் ஓடிக்கொண்டிருக்க, அவருடைய குதிகால் மட்டும் டிவியில் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. அங்கே இப்போது பிசியோதெரபிஸ்டாக இருக்கும் பிரியா என்னைப் பார்த்து ஓடிவந்தாள். "அக்கா, உங்க காலத்துல ஓடறவங்களை எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"பவுடர் பூசிப் பாத்தோம்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அப்படிச் சிரித்தால் பிடிக்காது. "சிரிக்காதே, உட்காரு, சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் என் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன், ஆற அமரப் படிக்கட்டும்.

நான் ரெஹானா, கோட்டைமேட்டுக்காரி. அத்தா தையல்காரர். பிசியோதெரபி என்று ஒரு படிப்பு இருப்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. சென்னையில் படித்தேன். உப்புத் தண்ணீரில் குளித்து முடி கொட்டியது, எலும்புகளின் பெயரையெல்லாம் உருப்போட்டேன், எங்கள் ஊர்ச் சிறுவாணித் தண்ணீரை நினைத்து அழுதேன், பாஸானேன். படிப்பைப் பற்றி வேறு எதுவும் சொல்வதற்கில்லை. ஊருக்கு வந்ததும், "ஏம்மா, இதுக்கா இவ்வளவு படிச்சே, கால் புடிச்சு உடறதுக்கு?" என்று ஒரு மாமி கேட்டார். வந்த கோபத்துக்கு அந்த மாமிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோதுகூட நானாகப் போகவில்லை. அம்மாதான் திட்டி அனுப்பி வைத்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தக் கிளினிக்கில் சேர்ந்தேன். அதை நடத்திய டாக்டர் ஆனைமலைக்காரர். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். வெளிநாட்டில் போய்க் காலுக்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்தவர். அதற்காகத் தலைக்கனம் கொஞ்சமும் கிடையாது. ஐந்து வயதுக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு, உக்காருங்க, எந்தக் காலுங்க நோவுது?" என்றுதான் கேட்பார். நோயாளி நாற்காலியில் இருப்பார், இவர் வெள்ளைப் பேண்டோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். வந்தவர்களுக்கோ உயிரே போய்விடும். "ஐயோ, வேண்டாமுங்க, அழுக்குக் காலுங்க" என்று இழுத்துக்கொள்வார்கள். "அழுக்குக் காலைத்தானுங்க எனக்குப் பாக்கத் தெரியும்" என்று மறுபடி மடிக்கு இழுப்பார். பேனாவின் பின்பக்கத்தால் உள்ளங்காலில் மெல்லக் கோடு போடுவார். அப்போது அவர் பேசவே மாட்டார், மூக்கால் ஏதோ ராகம் மட்டும் வரும். ராகம் நின்றால் பிரச்சினையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

கிளினிக் மாடியில் இருந்தது. திறந்த அன்றைக்கு அவருடைய அம்மா சென்னிமலை முருகன் படம் ஒன்றைக் கொண்டுவந்து, மாடிப்படி முடிகிற இடத்தில் மாட்டி விளக்கேற்றி வைத்தாராம். அம்மாவுக்காக அன்று ஷூவைக் கீழேயே கழற்றிவிட்டு ஏறிய பெரிய டாக்டர், பிறகு ஒருநாளும் மாடியில் ஷூ போட்டதில்லை. படத்தையும் அவருடைய வெறுங்காலையும் பார்த்துவிட்டு வருகிறவர்களும் கழற்றிவிட்டு வந்தார்கள். இங்கே செருப்பைக் கழற்றவும் என்று ஒரு போர்டு கிடையாது. எங்கள் ஊரில் அதற்கெல்லாம் போர்டு எதற்கு? நானும்தான் கழற்றிவிட்டு ஏறினேன். மாடிப்படிக்கடியில் எப்போது பார்த்தாலும் செருப்பும் ஷூவும் குவிந்து கிடக்கும்.

இனி அந்தப் பவுடர் கதை. ஓட்டக்காரர்கள் வந்தால் முதலில் தண்ணீரில் காலை நனைத்து, பழுப்புக் காகிதத்தின்மேல் நிற்க வைப்போம். பாதம் தட்டையா வளைவா என்று ஈரம் சொல்லும். அடுத்து ஓட்டம். கிளினிக்கின் நீள நடை முழுக்கக் கரும்பச்சை மொசைக். பாக்கியம் என்று ஓர் ஆயா அதைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். நான் ஓட்டக்காரரின் உள்ளங்கால் முழுக்க முகப்பவுடர் பூசிவிடுவேன். எக்ஸ்ரே அறைப் பக்கமிருந்து ஜன்னல் வரை அவர் ஓட வேண்டும். பெரிய டாக்டர் நடையின் நடுவில் சுவரோரம் குப்புறப் படுத்துக்கொள்வார். ஆமாம், படுத்துக்கொள்வார். தரையோடு கன்னத்தை வைத்து, எந்தக் கால் எப்படி ஊன்றுகிறது என்று பார்ப்பார். பிறகு எழுந்து, தரையில் விழுந்த வெள்ளைத் தடங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து படிப்பார்.

எல்லோருடைய தடமும் ஒரே கதையைத்தான் சொன்னது. விரல்களும் முன்பாதமும் பளிச்சென்று பதிந்திருக்கும், குதிகால் லேசாகக்கூட இருக்காது. "பாருங்க ரெஹானா, முன்னங்கால்ல ஓடறாங்க. அதுதான் முழங்காலுக்குக் கீழ நோவுது. குதிகால் முதல்ல ஊணோணுமுங்க" என்பார். வெளிநாட்டில் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான், அவர் வாங்கிப் படித்த புத்தகங்களில் இருந்ததும் அதுதான். ஷூவுக்குள் குதிகாலுக்கடியில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி ரப்பர் ஆப்பு ஒன்று வெட்டிக் கொடுப்பார். ஓட்டக்காரரின் தோளைத் தட்டி, "குதிகாலைக் குடுத்துருங்க, மீதியைத் தரை பாத்துக்கும்" என்பார். அது அவருடைய தாரக மந்திரம். குதிகால் ஊன்றி ஓடப் பழக்குவது என் வேலை. அதே மொசைக்கில் பழக்குவேன்.

"சரிங்க டாக்டர்" என்பார்கள். போவார்கள். அநேகம் பேர் திரும்பி வரமாட்டார்கள். குணமாகிவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

அப்படியிருக்கும்போதுதான் எஸ்தர் வந்தாள். பெரியநாயக்கன்பாளையத்துப் பெண். அப்பா தேவராஜ் அங்கே ஒரு பவுண்டரியில் இரும்பை உருக்கி அச்சில் வார்க்கிற வேலை செய்தார். அவருடைய அப்பா அம்மா காலம் வரைக்கும் தோட்டத்தில் கூலி வேலை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய கையோடு மகளை அழைத்து வந்திருந்தார். எஸ்தர் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள், மாவட்டத்தில் பரிசெல்லாம் வாங்கியிருந்தாள். ஒரு மகளிர் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இரண்டு ஓட்டக்காரிகளுக்கு இடம் உண்டு, ஹாஸ்டலும் சாப்பாடும் இலவசம். ஆனி மாதம் ஓட வைத்துப் பார்த்து எடுப்பார்கள். அது கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் திருப்பூரில் பனியன் கம்பெனி. வீட்டில் முடிவாகிவிட்டது.

"என்ற புள்ள ஓடுனா அப்பிடி இருக்குமுங்க. ஆனா இப்பக் கொஞ்ச நாளா முழங்காலுக்குக் கீழ நோவுதுங்குறாளுங்க. நீங்க பாத்து ஒரு வழி பண்ணோணுமுங்க" என்றார் தேவராஜ்.

காகிதம், பவுடர், மொசைக், படுத்துப் பார்த்தல் எல்லாம் நடந்தது. அதே முன்பாதத் தடம். அதே ஆப்பு. அதே மந்திரம். எஸ்தர் தலையை ஆட்டினாள். வாரம் இரண்டு தடவை பஸ் பிடித்து என்னிடம் பயிற்சிக்கு வந்தாள். நான் சொன்னதைச் சொன்னபடி செய்வாள். குதிகால், குதிகால் என்று அந்த நடையில் அவள் ஓடுவதைப் பார்த்து, இவ்வளவு சீக்கிரம் பழகியவர் யாருமில்லை என்று பெரிய டாக்டரிடம் பெருமை அடித்தேன். "வலி எப்படி இருக்கு?" என்றால், "பரவாயில்லீங்க அக்கா" என்பாள்.

சித்திரை கழிந்து ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வீங்கியிருந்தது, விரல் வைத்தாலே துடித்தாள். எக்ஸ்ரே எடுத்தோம், நல்லவேளை எலும்பில் விரிசல் இல்லை. பெரிய டாக்டர் நெடுநேரம் ராகமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். "இன்னும் குதிகால் சரியா விழுகலைங்களாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

எனக்குத் தாங்கவில்லை. அவளைத் தனியாக உட்கார வைத்துக் கத்தினேன். "ஏண்டி, இங்கே அவ்வளவு அழகா ஓடறே! கிரவுண்டுல போய் என்ன பண்றே?"

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். "ஏனுங்க அக்கா, ஒண்ணு சொல்லலாமுங்களா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"வெளிய நான் இப்பிடி ஓடுனதே இல்லீங்க, நீங்க சொன்னீங்கன்னுதான் இப்ப அங்கயும் குதிகாலை ஊணறனுங்க. மொத நாளு இங்க ஓடுனனுங்களே, அப்பவும் அது என்ற ஓட்டமில்லீங்க. பவுடரு வழுக்குச்சுங்க. உழுந்திருவனோன்னு வெரலை ஊணி ஊணிப் போனனுங்க. டாக்டர் ஐயா வேற கீழ படுத்திருந்தாரு. அத்தனை பெரியவரு தரையில படுத்திருக்கறப்ப அவரைத் தாண்டித் திமுதிமுன்னு ஓட முடியுமுங்களா? அடக்கமாத்தான் ஓடுனனுங்க."

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே" என்றாள். சொல்லும்போது கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. "வலிக்குதுன்னு சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு இருந்துட்டனுங்க. இப்ப ஓடவே முடியலீங்க. அப்பாகிட்ட என்னன்னு சொல்றதுங்க?"

நான் நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். காபி குடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைச் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டுத் தன் வெறுங்காலைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார்.

"ரெஹானா, எஸ்தரோட ஷூ எங்கீங்க இருக்குது?"

"கீழே படியில கிடக்கும் டாக்டர்."

"நாம இதுவரைக்கும் ஒரு ஓட்டக்காரரோட ஷூவையாவது கையில எடுத்துப் பாத்திருக்கறமுங்களா?"

இல்லை. நானும் இல்லை, அவரும் இல்லை. காலுக்கென்று ஒரு கிளினிக் வைத்துக்கொண்டு, அந்தக் கால் எதைப் போட்டு ஓடுகிறது என்று நாங்கள் பார்த்ததே இல்லை. அத்தனையும் கீழே கிடந்தது. நாங்கள் மேலே உட்கார்ந்து மொசைக்கைப் படித்துக்கொண்டிருந்தோம்.

அவர் கடகடவென்று படியிறங்கினார். செருப்புக் குவியலுக்கு நடுவில், வெள்ளைப் பேண்டோடு, கடைசிப் படியில் உட்கார்ந்தார். எஸ்தரின் ஷூவைத் தேடி எடுத்துத் திருப்பினார். வெளிறிய துணி ஷூ. அடிப்பாகம் முழுக்கத் தேய்ந்து வழவழவென்று இருந்தது, கோடு என்று ஒன்றுகூட மிச்சமில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டோரம் தார்மேலேயே தினமும் ஓடுகிறாள் என்பதும் அப்போது அவளைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அதையும் அதுவரை நாங்கள் கேட்டதில்லை. அவர் அதோடு நிறுத்தவில்லை. பக்கத்தில் கிடந்ததையெல்லாம் எடுத்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். குதிகால் தேய்ந்தது, ஓரம் தேய்ந்தது, நடுவில் ஓட்டை விழுந்தது என்று ஒவ்வொன்றாக என்னிடம் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்த ஓர் அம்மா, தன் செருப்பை டாக்டர் கையில் பார்த்துவிட்டு அலறிவிட்டார். "ஐயோ சாமி, அதைக் கீழ போடுங்க! என்னுங்க இது அநியாயம்!" என்று பிடுங்கப் பார்த்தார். "சித்த இருங்க அம்மணி, உங்க கால் கதை பூராவும் இதுலதானுங்க இருக்குது" என்று அவர் விடமாட்டேன் என்கிறார். இரண்டு பேரும் ஒரு செருப்பை ஆளுக்கொரு பக்கம் இழுத்த காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் தேவராஜைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பவுண்டரிக் கரி போகத் தேய்த்துக் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். பெரிய டாக்டர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க புள்ளைக்கு நான் சொன்னது தப்புங்க. அவங்க ஓட்டத்தைப் பாக்காமயே அதை மாத்திப்போட்டேன். நோவு கூடுனது என்னாலதானுங்க" என்றார்.

தேவராஜ் பதறிப் போய்விட்டார். "ஐயோ, அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க! நீங்க சொல்லி எங்காச்சும் தப்பாகுமுங்களா? அவ சரியா ஓடலீங்க, அவ்வளவுதானுங்க" என்று மகளையே கோபமாகப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டவரை மறுத்து மறுத்து அவர் தவித்தார். பெரிய டாக்டர் மறுபடி தரையில் உட்கார்ந்தார். எஸ்தரின் ஷூவுக்குள் கையை விட்டு, தான் வெட்டிக் கொடுத்த ஆப்பைத் தானே பிய்த்து எடுத்தார். நன்றாக ஒட்டியிருந்தது, சீக்கிரம் வரவில்லை.

"வீக்கம் வடியற வரைக்கும் ஓட்டம் வேண்டாமுங்க. பொறவு தார் ரோட்டுல வேண்டாம், மண்ணுல ஓடுங்க. ஷூவை மட்டும் மாத்திருங்க. எப்பிடி ஊணோணும்னு நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு எப்பிடி வருதோ அப்பிடி ஓடுங்க. உங்க ஓட்டத்தை நான் இன்னும் பாக்கவே இல்லீங்க கண்ணு, ஆனி மாசம் பாக்க வாரேன்."

"சரிங்க" என்றாள் எஸ்தர்.

வராமல் போனவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினோம். சிலர் வந்தார்கள். இரண்டு பேர் ஓட்டத்தையே விட்டிருந்தார்கள், அவர்களும் எங்களைக் குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னார்.

ஓட்டத் தேர்வு அன்று காலை மைதானத்துக்கு அவரோடு நானும் போனேன். பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பெரிய டாக்டர் கம்பி வேலியோரம், வளைவு திரும்புகிற இடத்தில் போய் நின்றுகொண்டார். கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. விசில் ஊதினார்கள். எஸ்தர் கிளம்பினாள். அடேயப்பா! அதுவரைக்கும் நான் பார்த்தது அவள் ஓட்டமே இல்லை. தூசி கிளம்பவில்லை, சத்தம் இல்லை, அப்படியே வழுக்கிக்கொண்டு போனாள். முதல் சுற்றில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள்.

வளைவில் திரும்பியபோது வேலியோரம் பெரிய டாக்டரைப் பார்த்தாள். பார்த்ததும் தோள் குறுகியது. டக், டக், டக் என்று குதிகால் ஊன்ற ஆரம்பித்துவிட்டாள்! அவரைத் தாண்டும் வரைக்கும் குதிகால், தாண்டியதும் பழைய ஓட்டம். அதற்குள் மூன்று பேர் அவளைக் கடந்துவிட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. "எஸ்தர், உன் இஷ்டத்துக்கு ஓடுடி!" என்று கத்தினேன். கேட்டிருக்காது. அடுத்த சுற்றிலும் அதே வளைவு, அதே டாக்டர், அதே குதிகால். இன்னும் இரண்டு பேர் முன்னால் போனார்கள். திருப்பூர் பஸ்ஸில் அவள் ஏறி உட்கார்ந்தது மாதிரியே எனக்குத் தெரிந்தது.

பெரிய டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. "என்னாலதானுங்க ரெஹானா. நான் இங்க நிக்கறதைப் பாத்துத்தானுங்க" என்றார். அவ்வளவுதான், மடமடவென்று கேட்டைத் தாண்டி வெளியே போனார். எதிர்த்தாற்போல் ஒரு டீக்கடை. அங்கே போய் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி கேட்டில் நின்றேன்.

எஸ்தர் மறுபடி அந்த வளைவுக்கு வந்தாள். வேலியோரம் யாருமில்லை. ஒரு நொடி தேடினாள், அப்புறம் பறந்தாள். ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், வரிசையாகத் தாண்டிக்கொண்டே போனாள்.

"டாக்டர், மேலே வர்றா!" என்று கத்தினேன்.

"எப்பிடி ஊணறாங்க?" என்று கத்தினார்.

"திரும்பாதீங்க டாக்டர்! திரும்பாதீங்க!"

அவர் திரும்பவில்லை. கையில் வாங்கிய டீயையும் குடிக்கவில்லை. எஸ்தர் இரண்டாவதாக வந்தாள். இரண்டு பேருக்குத்தானே இடம்? கட்டுப்பாடாக வளர்ந்த கோட்டைமேட்டுக்காரி என்பதையெல்லாம் மறந்து நடுரோட்டில் நின்று ஓவென்று அழுதேன்.

மூச்சிரைக்க அவளும் தேவராஜும் டீக்கடைக்கு வந்தார்கள். பெரிய டாக்டர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஏன் கண்ணு, என்னையப் பாத்ததும் ஏனுங்க அப்பிடி மாத்துனீங்க? தப்புன்னு நானே சொன்னனே?"

"அது உங்க பெரிய மனசுங்க. அதுக்காக நீங்க நிக்கறப்ப நீங்க சொன்னதை மீறி ஓடுனா மரியாதையா இருக்குமுங்களா?" என்றாள்.

பெரிய டாக்டர் பிடித்த கையை விட்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்த ஓட்டத்தை நான் பாக்கவே இல்லீங்களே. அந்த மரம் வரைக்கும் ஒருக்கா ஓடிக் காட்டறீங்களா?"

எஸ்தர் அவளுடைய அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காட்டறனுங்க. ஆனா நீங்க சித்த அக்கட்டால திரும்பி நின்னுக்கறீங்களாங்க?" என்றாள்.

அவர் திரும்பி நின்றுகொண்டார். எஸ்தர் ஓடினாள். "எப்பிடி இருக்குதுங்க ரெஹானா?" என்று கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரொம்ப அழகா இருக்கு டாக்டர்" என்றேன்.